முதுகில் ஆறு புள்ளிகள்

அத்தியாயம் 4

ஒரு சுவர் முழுக்க முதுகுகள்.

கறுத்த முதுகு, வெளுத்த முதுகு, மச்சம் வைத்த முதுகு, பனியன் தடம் விழுந்த முதுகு. எல்லாம் புகைப்படங்கள்தான். கழுத்துக்குக் கீழே ஆரம்பித்து இடுப்புக்கு மேலே முடிந்துவிட்டன. ஒவ்வொரு முதுகிலும் தோள்பட்டைக்குக் கீழே குறுக்காக ஒரு வரிசை. சில புள்ளிகள் நல்ல சிவப்பு, சில இளஞ்சிவப்பு, சில இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம்.

"டீச்சர், இத்தனை பேர் ஒரே நேரத்துல எனக்கு முதுகு காட்டறது புதுசில்ல. கண்டக்டரா இருந்தப்ப டிக்கெட் டிக்கெட்னு கத்தினா, மொத்த பஸ்ஸும் இப்படித்தான் திரும்பி நிக்கும்" என்றான் ரம்பம்.

டீச்சர் சிரிக்கவில்லை. சொன்ன ரம்பமும் சிரிக்கவில்லை.

அவன் வாய் அப்படி. 'ரம்பம்' என்பது பயணிகள் வைத்த பட்டப்பெயர். காதில் அறுத்துக்கொண்டே இருப்பான் என்பதால் வந்தது, ஒட்டிக்கொண்டது. பெண்டாட்டி போய்ச்சேர்ந்த பிறகு அவனுக்கு உள்ளே எல்லாம் அடங்கிப்போய்விட்டது. சாப்பிட்டால் ருசி இல்லை, படுத்தால் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. காரியம் நடந்த அன்றுகூட அவன் அழவில்லை. வந்தவர்கள் செருப்பை ஒழுங்காக விடவில்லை என்று ஏதோ ஜோக் அடித்தான். வாய் மட்டும் பழைய வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, டிரைவர் இறங்கிப்போன பிறகும் உறுமிக்கொண்டிருக்கிற வண்டி மாதிரி.

டீச்சர் நிஜமாகவே டீச்சர்தான். பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுத்தவர். பையன்கள் யாரைப் பார்த்து யார் வரைந்தான் என்று பென்சில் கோட்டை வைத்தே பிடித்துவிடுவார். அந்தத் திறமையை வீணாக்க மனசில்லாமல் ஓய்வுக்குப் பிறகு துப்பறிய வந்துவிட்டார். ரம்பத்தை வேலைக்கு வைத்துக்கொண்டது எதற்கு என்று கேட்டால், "வாசல்ல நிக்கறவங்ககிட்டப் பேச்சுக்குடுக்க ஒரு ஆள் வேணுமில்ல" என்பார். அவன் வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதுதான் நிஜக் காரணம். அதை இருவருமே பேசியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

இது தோல் ஆராய்ச்சிக்கூடம். இங்கே பெரிய டாக்டர் என்று ஒருவர் இருந்தார். ஒரு சாயங்காலம் பின்பக்கப் படிக்கட்டின் அடியில் கழுத்து முறிந்து கிடந்தார். மேல்படியில் அவருடைய சட்டைப் பொத்தான் இரண்டு பிய்ந்து கிடந்ததால், தானாக விழவில்லை, யாரோ பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள் என்று போலீஸ் முடிவுகட்டியது. ஸ்டோர் ரூமிலிருந்து சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகிறது, ஆள் யார் என்று தெரிந்துவிட்டது, இன்றைக்குக் கேட்கப்போகிறேன் என்று அன்று மத்தியானம் அவர் சொல்லியிருக்கிறார். ஸ்டோர் சாவி இருந்தது ஒரே ஆளிடம். முதுகுகளில் சொட்டு வைக்கிற டெக்னீஷியன்.

அவனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். நாளைக்குக் குற்றப்பத்திரிகை. அதில் அவன் பெயர் ஏறிவிட்டால் பிறகு இறக்குவது லேசில்லை. அவனுடைய அக்காதான் டீச்சரைத் தேடி வந்தவள். அழாமல், குரல் உயராமல், ரேஷன் கடையில் என்ன சாமான் வேண்டும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்: "என் தம்பி செய்யலை. அவனை வெளிய கொண்டுவரணும்."

தம்பிக்காரன் போலீஸிடம் சொன்னதுதான் அவனுக்கே வினையாக வந்து முடிந்தது. "அன்னைக்குக் கடைசிக் கட்டில் காலி சார். எங்க மாமா படுக்க வேண்டிய கட்டில். அவர் வரவே இல்லை. நான் அவருக்குச் சொட்டு வைக்கவே இல்லை. சாவியும் எங்க அக்கா வீட்டு ஆணியிலதான் தொங்கும்" என்றான். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். அவரும் இந்தச் சோதனைக்குப் பெயர் கொடுத்திருந்தவர்.

இன்ஸ்பெக்டர் மாமாவைக் கூப்பிட்டு விசாரித்தார். மாமா சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார். ஆறு புள்ளிகள். மறுநாள் காலையில் இங்கே எடுத்த புகைப்படமும் இருந்தது. "வராதவன் முதுகுல சொட்டு மட்டும் எப்படிடா வந்துச்சு, பறந்தா?" என்று கேட்டாராம் இன்ஸ்பெக்டர். அதற்குப் பிறகு தம்பி வாயைத் திறந்தாலே பொய் என்று ஆகிவிட்டது.

"அந்தப் போட்டோவை மட்டும் ஒரு தடவை பாத்துடுங்க" என்று கிளம்பும்போது அக்கா சொல்லியிருந்தாள். அதனால்தான் இந்தச் சுவர்.

"தொடாதீங்க" என்றாள் சின்ன டாக்டர்.

பெரிய டாக்டருக்கு அடுத்த இடத்தில் இருந்தவள். கண்ணாடி போட்ட, தூக்கத்துக்கு ஏங்குகிற முகம். இப்போது கூடம் முழுவதும் அவள் தலையில்.

"நான் எதையும் தொடலைங்க. முதுகுங்கதான் என்னைத் தொடற மாதிரி நெருக்கி நிக்குது" என்றான் ரம்பம். "ஆமா, அந்தச் சொட்டுல அப்படி என்னதான் இருக்கு?"

"சிட்ரிக் அமிலம். எலுமிச்சம்பழத்துல இருக்கற புளிப்புதான். முகக்ரீம்ல போடறாங்க இல்லையா, எவ்வளவு போட்டா தோல் தாங்கும், எங்கே ஆரம்பிச்சு சிவக்கும்னு பாக்கறோம். ஆறு பாட்டில். ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு அளவு. ஒண்ணு வெறும் தண்ணி. சாயங்காலம் சொட்டு வெச்சு, ஒரு மணி நேரம் குப்புறப் படுக்க வெச்சு, மேல பிளாஸ்திரி ஒட்டி அனுப்பிடுவோம். காலையில வந்தா பிளாஸ்திரியைப் பிரிச்சு, எந்தப் புள்ளி எவ்வளவு சிவப்புன்னு நான் பாப்பேன்."

"புத்தி தெளியட்டும்னு தலையில எலுமிச்சம்பழம் தேய்ச்சுக்கற ஆளைப் பாத்திருக்கேன். முதுகுல தேய்க்கறதுக்கு ஒரு ஆபீஸ், அதுக்கு மூணு மாடி!"

"எது தண்ணி, எது புளிப்பு?" என்று கேட்டார் டீச்சர்.

"எனக்குத் தெரியாது."

"உங்களுக்கே தெரியாதா?"

"தெரியக் கூடாது. தெரிஞ்சா கண்ணு தானா அந்த இடத்துல சிவப்பைத் தேடும். பாட்டில்ல ஒண்ணுலருந்து ஆறு வரைக்கும் நம்பர் மட்டும்தான் இருக்கும். அளவு பெரிய டாக்டருக்கு மட்டும்தான் தெரியும்." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இப்ப யாருக்கும் தெரியாது."

அழுதுவிடுவாளோ என்று ரம்பம் பார்த்தான். அழவில்லை. அவளும் நம்ம கட்சிதான் என்று நினைத்துக்கொண்டான்.

"அவர் போன மறுநாள் காலையிலகூடவா இந்த வேலை நடந்துது?"

"விட்டா சிவப்பு மங்கிடும். அப்புறம் எல்லாரையும் மறுபடி படுக்க வைக்கணும். அதனால நின்னு பாத்தேன், போட்டோ எடுத்தேன். என்ன பாத்தேன்னு கேட்டா எனக்கு ஞாபகம் இல்லை. கை பாட்டுக்கு வேலை செஞ்சுது."

டீச்சர் சுவருக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடினார். வகுப்பில் முப்பது பூந்தொட்டிப் படங்களைப் பரப்பிவைத்து மார்க் போடுகிற தோரணை. ரம்பத்துக்கு இந்த நேரத்தில் பேசக் கூடாது என்று தெரியும். தெரிந்தும் பேசுவான். இன்றைக்கு ஏனோ அவனுக்கே சலிப்பாக இருந்தது, சும்மா நின்றான்.

"மாமா முதுகு எது?"

சின்ன டாக்டர் காட்டினாள். அகலமான, சதை போட்ட முதுகு.

"இவர் மட்டும் திரும்பி நிக்கறாரே" என்றார் டீச்சர்.

"எல்லாரும் திரும்பித்தான் டீச்சர் நிக்கறாங்க. முதுகு வேற எப்படித் தெரியும்?"

"நீ சும்மா இரு. இங்க பாரும்மா. எல்லாப் போட்டோவிலயும் வலது பக்கத்துலருந்து எண்ணு. மூணாவது புள்ளி நல்லாச் சிவந்திருக்கா? இந்த ஆளுக்கு, இந்த ஆளுக்கு, எல்லாருக்கும் அதே மூணாவது. இடது கோடியில பாரு, வெறும் தோல். அதுதான் உங்க தண்ணி. சரியா? இப்ப மாமாவைப் பாரு. இடது பக்கத்துலருந்து மூணாவது சிவந்திருக்கு. தண்ணி வலது கோடியில இருக்கு. கண்ணாடியில பாத்த மாதிரி."

ரம்பம் எண்ணிப் பார்த்தான். வாஸ்தவம்தான். அத்தனை முதுகும் ஒரு பக்கம் ஓட, மாமாவின் முதுகு மட்டும் எதிர்ப்பக்கம் ஓடியது.

சின்ன டாக்டர் கிட்டே வந்து பார்த்தாள். பிறகு அலுப்போடு பெருமூச்சு விட்டாள்.

"போட்டோ திரும்பியிருக்கு. அவ்வளவுதான். பிரிண்ட் போடறப்ப ஏதாவது ஒண்ணு இப்படி இடவலம் மாறிடும். ஏற்கெனவே ஒரு தடவை நடந்திருக்கு. நான் அந்த மூடுல இல்லை, கவனிக்கலை. மன்னிச்சுக்குங்க."

"போச்சுடா!" என்றான் ரம்பம். "லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்துல மூணு மாடி ஏறி, கடைசியில ஸ்டுடியோக்காரன் தப்பைக் கண்டுபிடிச்சிருக்கோம். வாங்க டீச்சர், போய் அந்தம்மாகிட்ட உங்க தம்பி நல்லவன், ஆனா பிரிண்டர் சரியில்லைன்னு சொல்லிடுவோம்."

டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"இந்தப் போட்டோவெல்லாம் எங்க எடுப்பீங்க?"

"இதே ரூம்லதான். அந்தச் சுவர்கிட்ட நிக்க வெச்சு."

"அந்தச் சுவர்ல லைட் சுவிட்ச் இருக்கே. எல்லாப் படத்திலயும் ஆளோட இடது கைக்குப் பக்கத்துல அந்த சுவிட்ச் விழுந்திருக்கு. மாமா படத்துல எங்க இருக்கு, பாத்துச் சொல்லு."

சின்ன டாக்டர் பார்த்தாள். ரம்பமும் பார்த்தான். சுவிட்ச் இடது பக்கத்தில், மற்ற படங்களில் இருக்கிற அதே இடத்தில், கம்மென்று உட்கார்ந்திருந்தது.

"படம் திரும்பியிருந்தா சுவிட்சும் வலது பக்கம் போயிருக்கணும்" என்றார் டீச்சர். "சுவர் நேரா இருக்கு. முதுகுதான் திரும்பியிருக்கு. சொட்டு வைக்கற ரூம் எது?"

அது அடுத்த அறை. வரிசையாக ஒடுக்கமான கட்டில்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் திரை. கால்மாட்டில் சுவர். ஆள் நிற்க வேண்டுமென்றால் தலைமாட்டில் மட்டும்தான் இடம்.

டீச்சர் அதைப் பார்த்ததும் தலையை ஆட்டிக்கொண்டார். பைக்குள் கைவிட்டு ஒரு சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்தார்.

"சட்டையைக் கழட்டு" என்றார் ரம்பத்திடம்.

"டீச்சர்! ஊர் என்ன பேசும்?"

"ஊர் உன்னைப் பத்திப் பேசறதை எப்பவோ விட்டுடுச்சு. படு."

ரம்பம் சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்தான். மெத்தை விரிப்பு ஜில்லென்று இருந்தது. தலைமாட்டில் சின்ன டாக்டரின் செருப்பு மட்டும் தெரிந்தது.

"நீங்க சொட்டு வைக்கற பையன்னு நினைச்சுக்கங்க. ஒண்ணுலருந்து ஆறு. உங்களுக்கு வசதியான பக்கத்துலருந்து ஆரம்பிங்க. மூணாவதை மட்டும் கொஞ்சம் பெரிசா வையுங்க."

பேனாவின் முனை முதுகில் பட்டது.

யாரோ அவன் முதுகைத் தொட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது என்று அவனுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று பார்த்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. பேனா முனை இடம் மாறி இடம் மாறிப் போய்க்கொண்டே இருந்தது. கன்னத்தை விரிப்பில் அழுத்திக்கொண்டு கிடந்தான்.

"எந்தப் பக்கத்துலருந்து ஆரம்பிச்சீங்க?"

"என் இடது கைப் பக்கத்துலருந்து. எழுதற மாதிரி. எல்லாரும் அப்படித்தானே வைப்பாங்க?"

"எல்லாரும் அப்படித்தான். இப்ப நீ எழுந்து அந்த ஸ்டூல்ல உக்காரு ரம்பம். நீங்க அவனுக்குப் பின்னால போய் நில்லுங்க. அதே மாதிரி கீழே இன்னொரு வரிசை. உங்க இடது கைப் பக்கத்துலருந்து."

இன்னொரு ஆறு. டீச்சர் செல்போனில் படம் எடுத்து இருவருக்கும் காட்டினார். மேல் வரிசையில் வலது பக்கத்திலிருந்து மூன்றாவது பெரிசு. கீழ் வரிசையில் இடது பக்கத்திலிருந்து மூன்றாவது. ஒரே முதுகு, ஒரே பேனா, ஒரே கை.

சின்ன டாக்டர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இங்க தலைமாட்டுல நின்னு வெச்சா ஒண்ணாம் நம்பர் வலது தோள்ல விழும்" என்றார் டீச்சர். "உக்கார வெச்சு, பின்னால நின்னு வெச்சா இடது தோள்ல விழும். மாமாவுக்கு இந்தக் கட்டில்ல யாரும் சொட்டு வைக்கலை. எங்கேயோ ஒரு ஸ்டூல்ல உக்கார்ந்து வெச்சுக்கிட்டிருக்கார். பையன் சொன்னது நிஜம். கடைசிக் கட்டில் காலியாத்தான் இருந்திருக்கு. டாக்டர் விழுந்தப்ப மாமா அதுல படுத்திருந்தார்ங்கறதுதான் பொய்."

"பாட்டில் அவருக்கு எப்படிக் கிடைச்சுது?"

"சாவி அவர் வீட்டு ஆணியிலதானே தொங்குது? ஸ்டோர்ல இருக்கற சரக்கையே எடுக்கத் தெரிஞ்ச ஆளுக்கு ஆறு பாட்டில் எடுக்கத் தெரியாதா? மாமாவுக்கு என்ன தொழில்?"

"சின்னதா முகக்ரீம் பட்டறை வெச்சிருக்கார்" என்றாள் சின்ன டாக்டர் மெதுவாக. "அவர் க்ரீமைப் போட்டு முகம் சிவந்து, ரெண்டு பொண்ணுங்க இங்க வந்தாங்க. பெரிய டாக்டர்தான் பாத்தார். அந்த டப்பாவை வாங்கிச் சோதனைக்கு வெச்சுக்கிட்டார். ஸ்டோர் சரக்கு காணாமப் போனதையும் இதையும் நான் முடிச்சுப் போட்டுப் பாக்கலை." அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா அவரே வெச்சுக்கிட்டிருக்கலாமில்ல? கண்ணாடி முன்னால நின்னு?"

"முடியாதுங்க" என்றான் ரம்பம்.

அவன் குரலைக் கேட்டு டீச்சர் திரும்பிப் பார்த்தார். அதில் ஜோக் இல்லை.

"முதுகுல அந்த இடம் எட்டாது. நான் முயற்சி பண்ணிப் பாத்திருக்கேன். எனக்கு அங்கதான் அரிக்கும். களிம்பு தடவணும். முன்னால என் வீட்டுக்காரி தடவி விடுவா, திட்டிக்கிட்டே. அவ போனப்புறம் சீப்பு, ஸ்கேல், கரண்டிக்காம்பு எல்லாம் வெச்சுப் பாத்துட்டேன். இவ்வளவு நேரா ஒரு வரிசை வைக்க முடியாது." சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். பொத்தான் மாறிப்போயிற்று, கழற்றி மறுபடி போட்டான். "வீட்டுல ஒரு ஆள் வேணும் டீச்சர். அதுக்கு வெளியாளைக் கூப்பிட மாட்டாங்க."

மாமா வீட்டில் இருக்கிற இன்னொரு ஆள் யார் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"நம்மகிட்ட வந்தவளே அவதானே" என்றார் டீச்சர்.

* * *

கதவைத் திறந்த அக்கா அவர்களை எதிர்பார்த்துக் காத்திருந்தவள் போல ஒதுங்கி வழிவிட்டாள். கூடத்தில் பாதி இடத்தைப் பிளாஸ்டிக் டப்பாக்கள் அடைத்திருந்தன. ஒவ்வொரு மூடியிலும் ஒரு பெண்ணின் முகம், பளபளவென்று. வாசனை மூக்கை அடைத்தது.

"அவர் பட்டறைக்குப் போயிருக்கார். வர்ற நேரம்தான்" என்றாள். இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மூலையில் ஒரு மர ஸ்டூல் கிடந்தது. ரம்பம் அதைப் பார்த்தான். அவளும் அவன் பார்ப்பதைப் பார்த்தாள்.

வழக்கமாக டீச்சர்தான் கேள்வி கேட்பார். இன்றைக்கு அவர் தண்ணீரைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரருக்கு முதுகு வலின்னா யாரு தைலம் தேய்ச்சு விடுவாங்க?" என்று கேட்டான் ரம்பம்.

"நான்தான்."

"அன்னைக்குச் சாயங்காலமும் நீங்கதானா?"

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்துபோய் அதை இறுக்கி மூடினாள். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"நான்தான்" என்றாள். "ஆறு பாட்டில். நம்பர் எழுதியிருந்துச்சு. ஆபீஸ்ல கட்டில் பத்தலை, வீட்டுலயே வெச்சுட்டு வரச் சொன்னான் உன் தம்பின்னார். நம்பினேன் சார். தம்பி பேரைச் சொன்னா நான் எதையும் நம்புவேன். அந்த ஸ்டூல்ல உக்கார வெச்சு, ஒண்ணொண்ணா வெச்சேன். மூணாவது பாட்டிலுக்கு எரியுதுன்னார். ஊதி விட்டேன்."

ஊதி விட்டேன் என்று சொன்னபோது மட்டும் அவள் குரல் ஒரு தடவை தட்டுத் தடுமாறியது.

"எப்பத் தெரிஞ்சுது?"

"இன்ஸ்பெக்டர் இங்க வந்தார். வராதவன் முதுகுல சொட்டு பறந்தா வந்துச்சுன்னு உங்க மச்சான்கிட்ட கேட்டேன், முழிக்கறான்னு இவர்கிட்ட சொல்லிச் சிரிச்சார். நான் டீ கொண்டுவந்து வெச்சிட்டிருந்தேன். இவரும் சிரிச்சார். டம்ளரை வெச்சுட்டு உள்ள போயிட்டேன்."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா? தம்பி உள்ள கிடக்கறானே!"

"வாய் வரலை." அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "அம்மா போனப்ப அவன் கைக்குழந்தை. இந்த இடுப்புல தூக்கி வளர்த்தேன். ஸ்டேஷன்ல கம்பிக்குப் பின்னால அவனைப் பாத்தேன். அழுகையே வரலை சார். ராத்திரி இவர் பக்கத்துல படுக்கறேன். பயமும் வரலை, கோவமும் வரலை. ஒண்ணுமே வரலை. காலையில எந்திரிச்சு டிபன் பண்றேன். எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு மட்டும் தெரியுது."

"எங்களை எதுக்கும்மா தேடி வந்தே?" என்றார் டீச்சர் முதல் தடவையாக.

"நீங்களாக் கண்டுபிடிச்சுட்டா, நான் காட்டிக்குடுத்ததா ஆகாதில்ல?"

அந்தப் போட்டோவை மட்டும் ஒரு தடவை பாத்துடுங்க என்று இவள் சொன்னது ரம்பத்தின் காதில் மறுபடி கேட்டது. கட்டின புருஷனை ஒரு கையிலும் வளர்த்த தம்பியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, எந்தக் கையை விடுவது என்று தெரியாமல், யாராவது வந்து ஒரு விரலைப் பிரித்துவிடட்டும் என்று நின்றிருக்கிறாள்.

"நாங்க கண்டுபிடிச்சது பாதிதாம்மா" என்றார் டீச்சர். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் சுற்றி வளைக்கவில்லை. "அந்த முதுகுல உன் தம்பி சொட்டு வைக்கலை, வேற யாரோ வெச்சிருக்காங்கன்னு நான் படம் போட்டுக் காட்டலாம். டிராயிங் டீச்சர் கதை சொல்றாங்கன்னு இன்ஸ்பெக்டர் சிரிப்பார். வெச்சது யாருன்னு நீ சொன்னாத்தான் அது சாட்சி. நாளைக்குச் சொல்றதுல பிரயோஜனம் இல்லை."

டப்பா மூடிகளில் அத்தனை முகங்களும் சிரித்துக்கொண்டிருந்தன.

ரம்பம் தொண்டையைச் செருமினான்.

"எனக்கும் ஒண்ணும் வர்றதில்லம்மா" என்றான். "என் சம்சாரத்துக்குக் காரியம் நடந்த அன்னைக்கு நான் ஜோக் அடிச்சேன். இன்னும் அடிச்சுக்கிட்டே இருக்கேன். அழுகை வந்தப்புறம் அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யலாம்னு உக்காந்திருந்தேன். அவ துணிமணியைக்கூட இன்னும் எடுத்து வைக்கலை. அழுகை வரலை. துணி கொடியிலயே கிடக்கு. நீங்க அதுக்காகக் காத்திருக்காதீங்க. அது வர்றப்ப வரட்டும். உங்க தம்பிக்கு நாளைக்குக் காலை வரைக்கும்தான் நேரம்."

இவ்வளவையும் அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் மூக்கு எரிந்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா கையை நீட்டினாள். "போன் குடுங்க."

டீச்சர் இன்ஸ்பெக்டரின் எண்ணைப் போட்டு, "டீச்சர் பேசறேன். இங்க ஒருத்தங்க உங்ககிட்டப் பேசணும்" என்று சொல்லிவிட்டு, சத்தம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து அவளிடம் கொடுத்தார்.

வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. ஸ்டாண்ட் போடுகிற சத்தம். ரம்பம் எழுந்து கதவுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான். அவன் பெரிய பலசாலி ஒன்றுமில்லை. ஆனால் கூட்டமான பஸ்ஸில் வழியை அடைத்து நின்று பழக்கம் உண்டு.

மாமா உள்ளே வந்தார். ஹெல்மெட் கையில் இருந்தது. ரம்பத்தைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், பிறகு பெண்டாட்டியின் கையில் இருந்த போனைப் பார்த்தார்.

"யாருகிட்ட பேசிட்டிருக்கே?"

அவள் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள், ரொம்ப நாளைக்குப் பிறகு பார்க்கிற மாதிரி.

"ஹலோ, யாருங்க?" என்று போனில் இன்ஸ்பெக்டர் இரைந்தார். "லைன்ல யாரு? தெரிஞ்ச குரல் கேக்குதே. அந்த க்ரீம் பட்டறைக்காரர் சம்சாரமா?"

"இல்ல சார்" என்றாள். "உள்ள வெச்சிருக்கீங்களே, அந்தப் பையனோட அக்கா பேசறேன். எழுதிக்குங்க."